எங்கள் டிவிசனுக்கு பஸ் வர எத்தனை குடும்பம் இருக்க வேண்டும்?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கேட்டவருக்கு: உங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) 160 குடும்பம், மெயின் ரோட்டுக்கு 4 கிலோமீட்டர், பஸ் கேட்டதற்கு "சனத்தொகை போதாது" என்று மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். தலைக்கணக்கை வைத்து பஸ் ஓடுவதில்லை, டிக்கெட் கணக்கை வைத்துத்தான் ஓடுகிறது.

முதலில், எந்தக் கணக்கைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். தோட்ட ஆபீசில் வாங்கியது என்றால் அது செக்ரோல், அதாவது தொழிலாளர் வேலைப் பதிவு. தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். பென்சன் போனவர்கள், பிள்ளைகள், டவுனில் கடை வேலைக்குப் போகிறவர்கள் யாரும் இல்லை. வாக்காளர் இடாப்பில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லை. குடிசனக் கணக்கெடுப்பில் 20 ஏக்கரும் குடியிருக்கும் தொழிலாளர் 10 பேரும் இருந்தால்தான் அது "தோட்டம்". பக்கத்துக் குடியேற்றம் கிராமக் கணக்கில் போயிருக்கும். உங்கள் பகுதி மருத்துவிச்சி அம்மாவின் குடும்பப் பதிவேடுதான் உண்மைக்குக் கிட்ட நிற்கும். மலையகத்தில் நாங்கள் குறைவு என்பது பொய். 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவ என்ற ஒரே பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 2 இலட்சத்துக்கு மேல் சனம்.

அடுத்து பயணக் கணக்கு. தோட்ட ரோடு மெயின் ரோட்டில் சேரும் சந்தியில் இரண்டு பேர் காலை 5 மணியிலிருந்து மாலை 7 வரை உட்கார வேண்டும். மூன்று நாள் போதும்: ஒரு சாதாரண வேலை நாள், ஒரு ஞாயிறு, 10ஆம் திகதி சம்பளத்துக்கு அடுத்த நாள். நேரம், மேலே போகிறாரா கீழே வருகிறாரா, நடந்தா ஆட்டோவிலா, பாடசாலைப் பிள்ளையா, எங்கே போகிறார், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிவதால் அந்த இரண்டு நேரத்து பஸ் நடைக்குத்தான் (பயணத்துக்குத்தான்) ஆள் நிறையும். ஆறு நடை கேட்டால் ஒன்றும் கிடைக்காது, இரண்டு கேளுங்கள். இலாபம் இல்லாத பாதைக்கு மானியத்தோடு ஓடும் சிசுசெரிய (பாடசாலைப் பிள்ளைகளுக்கான பஸ்), கெமிசெரிய (கிராமத்துக்கான பஸ்) சேவைகளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

நிறையப் பேர் விட்டுவிடுவது ரோட்டைத்தான். ரோட்டைக் குறை சொன்னால் தோட்டக் கம்பெனிக்கு வக்காலத்து என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், டேப்பை எடுத்து அளந்துவிட்டுப் பேசுங்கள். பெரிய லேலண்ட் பஸ் ஏறக்குறைய 11 மீட்டர், ரோசா என்ற சின்ன பஸ் 7 மீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. கொழுந்து லொறி வளைகிற முடக்கில் (வளைவில்) லேலண்டின் பின் டயர் உட்பக்கக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிவிடும். கொங்கிரீட் இரண்டு பட்டையாகப் போட்ட ரோட்டில் அதன் டயர் பட்டைக்கு வெளியே, மண்ணில் ஓடும். ஒரு மழைக்கு அந்த மண் கரைந்தால் பட்டை அந்தரத்தில் நிற்கும். மதகுக்கு மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது; கீழே இறங்கி கல் கழன்றிருக்கிறதா பாருங்கள். கடைசியில் திருப்பும் இடம் இல்லாவிட்டால் எந்த டிரைவரும் மேலே ஏறமாட்டார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் இருக்கும் வெளி பெரும்பாலும் போதும். ஆனால் நிறுவை நேரத்தில் லொறி அங்கேதான் நிற்கும், அந்த நேரத்தைத் தவிர்த்து பஸ் கேளுங்கள்.

ரோடு தோட்டத்துடையது என்றால் துரையின் (தோட்ட முகாமையாளரின்) எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். பிரதேச சபை "தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது" என்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்கும் சபை வேலை செய்ய வழிவிட்டு 2018இல் திருத்தப்பட்டதைக் காட்டுங்கள்.

ஏற்கெனவே உங்கள் டிவிசன் வரைக்கும் அனுமதிப்பத்திரம் வாங்கிய பஸ், சந்தியோடு திரும்பிப் போகிறதா என்றும் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டப்படி மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடமும் டிப்போவிடமும் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

இவற்றைக் கேட்டு எழுதும் கடிதத்தில் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) விலாசம் போடாதீர்கள். பதில் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கிடக்கும். நேர்முகத் தேர்வுக் கடிதம்கூட திகதி முடிந்த பிறகே பிள்ளைகள் கைக்கு வருகிறது. 200 வருஷம் உழைத்த சனத்துக்கு ஒரு வீட்டு நம்பர் கொடுக்க இன்னும் மனம் வரவில்லையே! அதுவரை சந்திக் கடையின் விலாசத்தைக் கடைக்காரரிடம் கேட்டுப் போடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.