கைவிடப்பட்ட கடற்படையை ஏற்கலாமா?

கேள்வி: நான் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் இணையத்தில் ஒரு கடற்படை விளையாட்டில் சேர்ந்து, ஒரு நண்பருக்கு உதவியாக இருக்கிறேன். ஆளுக்கொரு நாடு. கப்பலை நாமே வடிவமைத்து, வரவு செலவு போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கட்டளை அனுப்ப வேண்டும். விளையாட்டில் இப்போது 1911ஆம் ஆண்டு. நான்கு மாதமாக ஆளில்லாமல் கிடக்கும் ஒரு நாட்டை ஏற்கும்படி அமைப்பாளர் சொல்கிறார். பழைய போர்க்கப்பல்கள் ஆறு, பாதி கட்டிய பெரிய கப்பல்கள் இரண்டு, காலிக் கஜானா, நீரிணையைக் காப்பதாக முன்னவர் அண்டை நாட்டோடு செய்த ஒப்பந்தம் ஆகியவைதான் அதில் உள்ளவை. எல்லாவற்றையும் உடைத்து விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார் நண்பர். உடைத்தால் கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். தடைக்காலம் முடிந்ததும் நான் கடலுக்குப் போய்விடுவேன். ஏற்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாம்பன்

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள் தம்பி. நண்பரின் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்த நாட்டை ஆள்வதற்குத்தான் ஆள் இல்லை. நம்பியிருப்பதற்கு ஆள் இருக்கிறார். நீரிணையை நீங்கள் காப்பீர்கள் என்று எண்ணித்தான் அண்டை நாட்டுக்காரர் தன் பணத்தை வேறு வேலைகளில் போட்டிருப்பார். நான்கு மாதமாக அவர் எழுதியதற்குப் பதிலே வந்திருக்காது. ஆகவே முதல் கட்டளையை எழுதும் முன்பே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தம் நிற்கிறது, கையில் இருப்பது இவ்வளவுதான், இரண்டு தவணை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காக்கவே முடியாது என்று கணக்குக் காட்டினால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். முடியாது என்று கேட்பதைவிடப் பதிலே வராமல் இருப்பதுதான் மனிதரை அதிகம் நோகச்செய்யும். இந்த ஒரு காரியத்தை நீங்கள் செய்யாவிட்டால், மற்ற எதை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எனக்கு மனம் ஒப்பாது.

முன்னவர் ஏன் போனார் என்பது நமக்குத் தெரியாது. உடம்புக்கு முடியாமலும் போயிருக்கலாம். அவர் வைத்த கப்பல் பெயர்களை மாற்றாதீர்கள். அவர் திரும்பி வந்தால் என்ன ஏற்பாடு என்பதை அமைப்பாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கெடுப்பு. நான் சிறுவனாக இருந்தபோது தேவிபட்டினத்தில் என் மாமா பழைய வள்ளம் ஒன்றை விலை பேசினார். கூட வந்த ஓடாவி (படகு கட்டும் தச்சர்) விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையில் சின்னச் சுத்தியலோடு முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே பின்பக்கமான அமரம் வரை போனார். நல்ல பலகை கணீரென்றது. உளுத்த பலகை மொத்தென்றது. மொத்தென்ற இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. வெயில் ஏறும்வரை தட்டினார். பிறகு மாமாவிடம், "ஏழு பலகைதான், மற்றது ஓடும்" என்றார். உங்கள் நாட்டின் பட்டியலையும் அப்படித் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கப்பலின் வயது என்ன, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள், கப்பல் கட்டும் துறையின் நீளத்துக்கு எவ்வளவு பெரிய கப்பல் அடங்கும், ஆண்டுப் பராமரிப்பு வரவில் எத்தனை பங்கைத் தின்கிறது என்று பாருங்கள். இதற்கே ஒரு வாரம் ஆகும், ஆகட்டும்.

ஆறு பழைய கப்பல்களும் நடுக்கடலில் நின்று போரிட உதவா. 1906இல் பிரிட்டனின் டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் வந்ததும் உலகத்தின் போர்க்கப்பல்கள் எல்லாமே ஒரே நாளில் பழசாகிவிட்டன. அதில் 12 அங்குலப் பீரங்கி பத்து. டர்பைன் இயந்திரத்தில் 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகம். அதற்கு முந்தைய கப்பல்களில் பெரும்பாலும் நான்கு பெரிய பீரங்கிகளும் 18 நாட் வேகமும்தான். ஆனால் நீங்கள் காக்க வேண்டியது ஒரு நீரிணையை. பாம்பன் கால்வாயில் பெரிய கப்பல் நுழைய முடியாமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஆழத்தையும் அகலத்தையும் உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். குறுகிய நீரில், கப்பல் மோதினால் வெடிக்கும் கடற்கண்ணிகளைப் போல மலிவான காவல் வேறு இல்லை. ஆறு போர்க்கப்பல்களோடு ரஷ்யாவுடன் போருக்குப் போன ஜப்பான், 1904 மே 15 அன்று போர்ட் ஆர்தர் அருகே ஒரே நாளில் இரண்டை இழந்தது. அமூர் என்ற ஒரு ரஷ்யக் கப்பல் இட்டுவைத்திருந்த கண்ணிகள்தான் காரணம். 1915 மார்ச் 18 அன்று டார்டனெல்ஸ் நீரிணையில் பிரிட்டனும் பிரான்சும் பழைய போர்க்கப்பல்கள் மூன்றைக் கண்ணிகளுக்குப் பலிகொடுத்தன. எனவே ஆறில் நல்ல மூன்றைக் கண்ணி வரிசைக்குப் பின்னால் நிறுத்துங்கள். மீதி மூன்றை மாலுமிகளின் பயிற்சிக்கு விடுங்கள், அல்லது உடையுங்கள்.

பாதி கட்டிய இரண்டில், போட்ட பணத்தை மறந்துவிட்டு இனிப் போட வேண்டியதை மட்டும் கணக்கிடுங்கள். ஒன்றை முடிக்கலாம், மற்றதை விற்கப் பாருங்கள். பிரேசில் பிரிட்டனில் கட்டக்கொடுத்த ரியோ டி ஜெனிரோ என்ற கப்பலில் 12 அங்குலப் பீரங்கி மட்டும் 14. ரப்பர் விலை சரிந்து பணம் முடையானதும், கட்டுமானம் முடியும் முன்பே அதை உஸ்மானியப் பேரரசுக்கு (அன்றைய துருக்கி) விற்றுவிட்டார்கள். 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, உஸ்மானியர் கைக்குப் போகவிருந்த அந்தக் கப்பலை பிரிட்டனே எடுத்துக்கொண்டு அஜின்கோர்ட் என்று பெயர் வைத்தது. பணம் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள். இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: வாங்குபவர் கைக்குக் கப்பல் போய்ச்சேரும்வரை என்ன நிபந்தனை என்பதை அமைப்பாளர் முன்னிலையில் எழுதி வையுங்கள். அந்த அண்டை நாட்டுக்காரரிடமே முதலில் விலை கேட்டால் இன்னும் நல்லது.

இனி உங்கள் நேரம். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. கரையை விட்டுத் தள்ளிப் போனால் போனில் சிக்னல் இருக்காது. கரைக்கு வந்தாலும் தூக்கம்தான் முதலில் வரும். இதை மறைத்து நாட்டை ஏற்றால், இன்னும் நான்கு மாதத்தில் அது மறுபடி ஆளில்லாமல் கிடக்கும். ஆகவே இரண்டு தவணைக்கான கட்டளைகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எதிரி நீரிணையை நெருங்கினால் என்ன, நெருங்காவிட்டால் என்ன என்று இரண்டு விதமாகவும் எழுதுங்கள். நீங்கள் கடலில் இருக்கும்போது உங்கள் சார்பில் முடிவெடுக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உடைத்து விற்கச் சொன்ன நண்பர் வேண்டாம். அவருக்குச் சொந்தமாக ஒரு நாடு இருக்கிறது. வேறொருவரைத் தேடி, அவருடைய பெயரைப் படகு கிளம்பும் முன் அமைப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.