தறி எண்ணெயில் பாலிமர் சேர்த்தால் பேட்டன்ட் வழக்கு வருமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் விசைத்தறிகளுக்கு எண்ணெய் கலந்து விற்கிறேன். எண்ணெய் தெறித்துச் சேலையில் கறை விழுகிறது என்று தறிக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அதனால் பாலிஐசோபியூட்டிலீன் என்ற பசைத்தன்மையுள்ள பாலிமரைச் சேர்க்க நினைக்கிறேன். ஒரு வெளிநாட்டு ரசாயன கம்பெனிக்கு இதில் பேட்டன்ட் இருக்கிறதாம். அந்த பேட்டன்ட் நம்பரை அனுப்பியிருக்கிறேன். சேர்க்கலாமா?

பதில்: பாலிஐசோபியூட்டிலீன் 1930-களிலேயே வந்துவிட்ட சரக்கு. அது கலந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் நூல் நூலாக இழுக்கும். அந்தப் பசைதான் தெறிக்காமல் பிடித்து வைக்கிறது. இந்தப் பழைய விஷயத்துக்கு இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. குறிப்பிட்ட ஒரு கலவைக்கு உரிமை இருக்கலாம், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய எண் 'டபிள்யூஓ' என்று தொடங்குகிறது. அது சர்வதேச விண்ணப்பம் மட்டுமே. உலகம் முழுக்கச் செல்லும் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. இங்கே உரிமை வேண்டுமென்றால், முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பம் போட்ட நாள்) 31 மாதத்துக்குள் இந்தியாவிலும் அதைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். கிடைத்தால், புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு முடிந்திருந்தால் கவலையே இல்லை.

உரிமை உயிரோடு இருந்தால் முன்பக்கச் சுருக்கத்தைப் படித்து பயப்பட வேண்டாம். கடைசியில் எண் போட்டு வரும் 'கிளெய்ம்' பகுதிதான் அவர்கள் உரிமையின் எல்லையைக் காட்டும் வேலி. முதல் கிளெய்மில் அடிப்படை எண்ணெய், இன்ன மூலக்கூறு எடையுள்ள பாலிமர், இன்ன எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள்) என்று மூன்றும் சேர்ந்து இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் கலவையில் அந்த எமல்சிஃபையர் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த கிளெய்முக்கு வெளியேதான் நிற்கிறீர்கள். ஆனால் 'அவர்கள் 2 சதவீதம் என்றால் நான் 2.1 போடுகிறேன்' என்ற சாமர்த்தியம் வேண்டாம். அதே வேலையை அதே விதமாகச் செய்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். இந்த இடத்தில் மட்டும் ஒரு பேட்டன்ட் ஏஜென்டுக்குக் காசு செலவழியுங்கள்.

அப்புறம், உங்கள் ஊரில் யாராவது அதே கலவையை அந்த முன்னுரிமைத் தேதிக்கு முன்பே வெளிப்படையாக விற்றிருந்தால், பேட்டன்டையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே பழைய பில் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்.