கறுப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும்

கேள்வி: காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ரக்பியில் நான் நியூசிலாந்து கட்சி, என் அறைத் தோழன் தென்னாப்பிரிக்கா கட்சி. நியூசிலாந்து ஒரு ஆட்டம் தோற்றாலே 'நெருக்கடி' என்று அலறும் பத்திரிகைகள், சலிப்பூட்டும் ஆட்டம் ஆடி ஒரு புள்ளியில் தப்பித்துக் கோப்பை வாங்கும் தென்னாப்பிரிக்காவை மாவீரர்கள் என்கின்றன. தோழனோ, உலகப் பத்திரிகைகள் எல்லாமே நியூசிலாந்துக்குத்தான் ஜால்ரா என்கிறான். யார் சொல்வது சரி? ஆம்பூர் பிரியாணி பந்தயம். மழுப்பாமல் பதில் சொல்லவும்.
– கறுப்புச் சட்டை ரசிகன், காட்பாடி

பதில்: கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ பகுத்தறிவுக் கேள்வி என்று தனியே எடுத்து வைத்துவிட்டேன். படித்த பிறகுதான் இது வேறு கறுப்புச் சட்டை, நியூசிலாந்து அணியின் சட்டை என்று தெரிந்தது. சரி, மழுப்பாமலே சொல்கிறேன், தம்பி.

முதலில் அந்த ஒரு புள்ளி. 2023 அக்டோபரில் பாரிஸில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. அதற்கு முன் காலிறுதியில் பிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை ஒரே ஒரு புள்ளியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அதிர்ஷ்டம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மூன்று தடவையும் அதுவேதானா? அதுவும் போகட்டும். 2011இல் ஆக்லாந்தில் உங்கள் ஆட்கள் பிரான்ஸை வென்று கோப்பை வாங்கியது எத்தனைக்கு எத்தனை? 8-7. அந்த ஆட்டத்தின் நடுவரைப் பற்றிப் பிரெஞ்சு ரசிகர்கள் இன்னமும் முணுமுணுக்கிறார்கள். அது உங்கள் கடிதத்தில் இல்லை. 8-7 என்றால் நெஞ்சுரம், 12-11 என்றால் தப்பித்தல். எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்த கணக்கு இது?

பத்திரிகைகள் நியூசிலாந்துக்கு எதிரி என்கிறீர்கள். அதே பாரிஸ் ஆட்டத்தில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் முதல் பாதியிலேயே ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. மீதி நேரமெல்லாம் பதினாலு பேர். ஆனாலும் ஆட்டத்தின் ஒரே 'டிரை' (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அவர்களுடையது. தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டு புள்ளியும் ஹாண்ட்ரே பொல்லார்டு உதைத்த நான்கு பெனால்டிகள்தான். மறுநாள் 'வீரத் தோல்வி' என்று உருகியது யார்? நீங்கள் திட்டுகிற அதே பத்திரிகைகள்தான். அந்த இறுதியாட்டத்துக்கு இரண்டு மாதம் முன்னால், லண்டனில் தென்னாப்பிரிக்காவிடம் 35-7 என்று தோற்றபோது 'இவ்வளவு மோசமான அணியைக் கண்டதில்லை' என்ற தொனியில் எழுதியதும் அவைதான். உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடம் 27-13 என்று தோற்றதும் கதையையே முடித்துவிட்டார்கள். கோப்பையை அயர்லாந்துக்கோ பிரான்ஸுக்கோ பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. அந்த இரண்டு அணிகளும் ஒரே வார இறுதியில் காலிறுதியோடு மூட்டை கட்டின. அயர்லாந்தை 28-24 என்று அனுப்பி வைத்தது, கதை முடிந்துபோன உங்கள் நியூசிலாந்து!

இதில் சதி எதுவும் இல்லை. எங்கள் தொழில் அப்படி. ஆட்டம் சனிக்கிழமை; பக்கத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை நிரப்ப வேண்டும். பயிற்சியாளர் இருமினால் ஒரு தலைப்பு, இருமாவிட்டால் இன்னொரு தலைப்பு. அவரவர் நாட்டு வாசகருக்குத்தான் அவரவர் எழுதுகிறார்கள். 2003இல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் இங்கிலாந்தைக் கிழட்டு அணி, சலிப்பூட்டும் அணி என்று வாரக்கணக்கில் கிண்டல் செய்தன. சிட்னியில், அவர்கள் வீட்டு வாசலிலேயே, கூடுதல் நேரத்தில் ஜானி வில்கின்சன் உதைத்த ஒரு உதையில் இங்கிலாந்து 20-17 என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. சலிப்பு என்பது தோற்கிறவன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிற ஜாமீன். 2025 செப்டம்பரில் வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 43-10 என்று அடித்ததே, நியூசிலாந்தின் வரலாற்றிலேயே பெரிய தோல்வி. அன்றும் உங்களுக்குக் கொட்டாவிதான் வந்ததா?

நானும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன் இங்கே பக்கத்துக் கிராமத்தில் காளை விடும் விழா. பெயர் பெற்ற ஒரு காளையைப் பற்றி, 'இந்த ஆண்டு முதல் பரிசு இதற்கே' என்று அரைப்பக்கம் எழுதினேன். விழாவன்று மைக் பிடித்தவரும் காளையை அவிழ்ப்பதற்கு முன்பே 'பறக்குது, பறக்குது' என்றார். அது பாதி தூரம் ஓடிவந்து, நின்று, கூட்டத்தை நிதானமாக ஒரு பார்வை பார்த்தது. நொடிக்கணக்கு பார்க்கிறவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் நான் மன்னிப்பு எழுதவில்லை. 'எதிர்பாராத திருப்பம்' என்று எழுதினேன்.

ஒருமுறை ஒட்டிய பெயர் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை என்பதை வேலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பட்டியல் உண்டு. (இன்னும் ஒன்றிரண்டு உண்டு, குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது.) கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. இருந்தும் வெளியூர்க்காரர் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும்போதே அந்தப் பட்டியலை ஒப்பிக்கிறார். 1987க்குப் பிறகு 24 வருடம் கோப்பை கைக்கு வராததால் நியூசிலாந்துக்கு 'கடைசியில் கோட்டை விடுகிறவர்கள்' என்ற பெயர் ஒட்டியது. 2011, 2015 என்று அடுத்தடுத்து வென்ற பிறகும் அதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 'முரட்டு ஆட்டம்' என்ற பெயரும் இதே ஜாதிதான். எல்லாரும் நமக்கு எதிரி என்ற நினைப்பு அணிகளுக்கும் பிடித்திருக்கிறது என்பது வேறு விஷயம். 2021இல் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ் நடுவரின் தவறுகளைப் பட்டியல் போட்டு ஒரு மணி நேர வீடியோவே எடுத்தார். தடைதான் கிடைத்தது.

பத்திரிகை சொல்லாமலே ஒரு அணியைப் பிடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1860இலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையில் கப்பல் ஏறியவர்களில் நம் வட ஆர்க்காட்டு ஆட்கள் ஏராளம். அந்த நாட்டில் நிறவெறிச் சட்டம் இருந்தவரை வெள்ளையரல்லாதவர்கள் மைதானத்தில் தனியாக ஒதுக்கிய இடத்திலிருந்துதான் ஆட்டம் பார்க்க வேண்டும். அங்கிருந்து பலர் கைதட்டியது சொந்த நாட்டுப் பச்சைச் சட்டைக்கு இல்லை. வந்த அணிக்கு, அதிலும் நியூசிலாந்துக்கு. 1970இல் அந்த அணியோடு வந்த மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) வீரர்களுக்கு 'கௌரவ வெள்ளையர்' என்று பெயர் வைத்துத்தான் உள்ளேயே விட்டார்கள். 1995 இறுதியாட்டத்தில் மண்டேலா அதே பச்சைச் சட்டையை, கேப்டன் பியனாரின் 6ஆம் எண்ணோடு, போட்டுக்கொண்டு வந்ததற்குள் இவ்வளவு இருக்கிறது. அன்றும் எதிரணி உங்கள் நியூசிலாந்துதான்: 15-12, கூடுதல் நேரத்தில். கேப் டவுனில் இன்றைக்கும் தலைமுறையாகக் கறுப்புச் சட்டைக்குக் கைதட்டுகிற குடும்பங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கறுப்பினக் கேப்டன் சியா கொலிசி 2019இலும் 2023இலும் கோப்பையைத் தூக்கிய பிறகும்கூட! அவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது, மரியாதைக்குரிய காரணம். உங்களிடம் என்ன இருக்கிறது, ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து அணி ஆடுகிற மாவோரி நடனம் ஹாக்காவின் வீடியோவா?

அது போதாது என்று சொல்லவில்லை. எனக்கும் ஹாக்கா பிடிக்கும்.

பந்தயத்துக்கு வருவோம். பத்திரிகை உங்களுக்கு எதிரி என்று நீங்களும், தனக்கு எதிரி என்று தோழரும் சொல்வது ஒரே செய்தியைப் படித்துவிட்டு. ஆகவே இருவரும் தோற்றீர்கள். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். ஜெயித்தவர் யாரும் இல்லாததால் இரண்டையும் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மதியத்துக்குள் வந்தால் நல்லது. கத்தரிக்காயைத் தனியாகக் கட்டச் சொல்லவும். போன முறை ஒரு வாசகர் அனுப்பியதில் வழியெல்லாம் எண்ணெய்.