சிங்க் வேஸ்ட் பைப்: வந்த கேள்விகளுக்கு என் பதில்

போன தடவை கிச்சன் சிங்க்குக்கு ட்ராப் (எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னு சாக்கடை நாத்தத்த தடுக்கிற வளைஞ்ச பைப்) மாட்டுறத பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. பாதி பேர் பைப் சைஸே சொல்லல. பரவாயில்ல, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கே: சிங்க் கீழ தண்ணி ஒழுகுது. என்ன பண்ணலாம்?

பக்கெட் வைங்க. எங்க இருந்து ஒழுகுதுன்னு சொல்லாம கேட்டா வேற என்னத்த சொல்றது? முதல்ல கீழ எல்லாத்தையும் பழைய துணியால நல்லா காய துடைங்க, ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் ஒரு டிஷ்யூ பேப்பரை சுத்தி விடுங்க, சிங்க்க அடைச்சு பாதிக்கு மேல தண்ணி நிரப்பி அஞ்சு நிமிஷம் விடுங்க. அப்பவே நனைஞ்சா வேஸ்ட் கப்ளிங் (சிங்க் ஓட்டைல மாட்டியிருக்கிற பீஸ்) தான் ஆளு, அதோட ரப்பர் போயிருக்கும், இல்ல அடி நட் தளர்ந்திருக்கும். அதுக்கப்புறம் அடைப்பை எடுத்து ஒரேயடியா தண்ணிய விடுங்க, எது முதல்ல நனையுதோ அந்த ஜாயிண்ட். பார்த்துட்டு எழுதுங்க.

கே: சிங்க் வேஸ்ட் 40 எம்எம்னு போட்டிருந்துச்சு, 40 எம்எம் பிவிசி பைப் வாங்கினேன், சேரவே மாட்டேங்குது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா? (மதுரை)

இல்லங்க, சிங்க் கம்பெனி, கடைக்காரர் ரெண்டு பேருமே உண்மைய தான் சொல்றாங்க. வேஸ்ட் கப்ளிங்ல 40னா ஒன்றரை இன்ச், அது உள் அளவு கணக்கு. பிவிசி பைப்ப வெளி விட்டத்துல சொல்லுவாங்க, அதுல 40னா ஒன்னேகால் இன்ச் பைப். உங்களுக்கு வேண்டியது 50 எம்எம், அதான் கடையில ஒன்றரை இன்ச்னு சொல்றது. எதுக்கும் பழைய பீஸை கையோட எடுத்துட்டு போங்க. நம்பரை மட்டும் நம்பி கடைக்கு போகாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்லிட்டேன்.

கே: பாட்டில் ட்ராப் (குப்பி மாதிரி இருக்கிற ட்ராப்) நட்டுல டெஃப்லான் டேப் பத்து சுத்து சுத்தியும் சொட்டுது. (திருப்பூர்)

டேப்பை பிச்சு போடுங்க. அந்த நட்டுல தண்ணிய பிடிக்கிறது வாஷர், மரை இல்ல. டேப் தடிமனாகி நட் முழுசா ஏறாம நிக்குது. வாஷரோட சாய்ஞ்ச பக்கம் ட்ராப் உள்ள பார்த்து இருக்கணும், நட் கோணலா ஏறாம முதல்ல அரை சுத்து பின்னாடி திருப்பிட்டு அப்புறம் முறுக்குங்க. கை இறுக்கம் போதும், பிளாஸ்டிக் நட்டுக்கு பைப் ரெஞ்ச் போட்டீங்கன்னா அடுத்த வாரம் நட் வெடிச்சிருச்சுன்னு எழுதுவீங்க. இன்னொன்னு, கிச்சன் சிங்க்குக்கு பாட்டில் ட்ராப் எதுக்கு? அது வாஷ்பேசினுக்கு. சோத்துப் பருக்கை விழுற இடத்துக்கு பி ட்ராப் (வளைஞ்ச பைப் மாதிரி இருக்கிறது) தான்.

கே: புது வீடு வந்து ஒரு வருஷம் தான் ஆச்சு. காலைல சிங்க் கேபினட்ட திறந்தா சாக்கடை நாத்தம், கரப்பான் வேற. பிளம்பர் ரெண்டு வாட்டி வந்து ஒயிட் சிமெண்ட் பூசிட்டு போனார். நான் அந்துருண்டை போட்டு பார்த்தேன், நிக்கல. (தாம்பரம்)

போட்டோ அனுப்பினதுக்கு நன்றி, அதை பார்த்ததும் எனக்கு தலை சூடாயிடுச்சு. அதே வெள்ளை மடிப்பு பைப், அதே தரை ஓட்டை, சுத்தி அதே ஒயிட் சிமெண்ட் வளையம், நடுவுல விரிசல். இந்த ஊர்ல பத்து வீட்ல ஏழு வீடு இப்படி தான். சிங்க் அறுபது எழுபது ரூபா பைப்ல தொங்கும், மேல கிரானைட்டுக்கு மட்டும் லட்சக்கணக்குல செலவு.

உங்க வீட்ல ட்ராப்பே இல்ல. ட்ராப்னா ஒன்னும் பெரிய விஷயம் இல்ல, வளைவுல எப்பவும் ரெண்டு இன்ச் தண்ணி நிக்கணும், அந்த தண்ணி தான் கதவு. அது இல்லன்னா வெளிய சாக்கடை சேம்பர்ல (மூடி போட்ட தொட்டி) இருந்து நேரா உங்க சாம்பார் சட்டி வரைக்கும் திறந்த வழி. கரப்பான் படியேறி வர்றதா நினைச்சீங்களா, லிஃப்ட்ல வருது! எலியும் வரும், அந்த மெல்லிசு பைப்பை கடிச்சு வச்சதை நானே நிறைய வீட்ல பார்த்திருக்கேன். நாத்தத்துக்கு இன்னொரு காரணம் அந்த மடிப்பு, ஒவ்வொரு மடிப்புலயும் எண்ணெயும் கஞ்சியும் ஒட்டி அழுகிட்டே இருக்கும், எவ்ளோ கழுவினாலும் போகாது.

ஒயிட் சிமெண்ட் ஏன் நிக்காதுன்னா பைப் ஆடும். நீங்க குப்பைக் கூடைய இடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஆடும், சிமெண்ட் ஆடாது, விரிசல் விடும். மூணாவது வாட்டியும் பூச வந்தா உள்ள விடாதீங்க. என்ன பண்ணனும்னா, ஒன்றரை இன்ச் பி ட்ராப், அதுல இருந்து 50 எம்எம் கெட்டி பைப், தரை பைப் வாய்க்கு சரியான ரெட்யூசர் (ரெண்டு சைஸ் பைப்பை சேர்க்கிற பீஸ்), இல்லன்னா ரப்பர் அடாப்டர். படுக்கையா போற பைப்புக்கு அடிக்கு கால் இன்ச் வாட்டம். 90 டிகிரி எல்போவ விட ரெண்டு 45 டிகிரி பெண்ட் நல்லது, அடைப்பு குறையும். சால்வென்ட் பசை போட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சும்மா சொருகி பார்த்துட்டு தான் ஒட்டணும். ட்ராப்பை மட்டும் ஒட்டவே கூடாது, அது கழட்டி கழுவுறதுக்கு நட்டுல தான் நிக்கணும். சாமான் செலவு ஆயிரத்துக்குள்ள முடியும். அந்துருண்டைய சேலை பீரோவுக்கு எடுத்துட்டு போங்க.

கே: சிங்க் கீழ ட்ராப் இருக்கு, தரைல நானி ட்ராப்பும் இருக்கு. டபுள் பாதுகாப்பு தானே?

இல்ல. ரெண்டையும் காத்து போக வழியில்லாம மூடின பைப்ல சேர்த்தா நடுவுல காத்து மாட்டிக்கும், தண்ணி குளு குளுன்னு சத்தம் போட்டுட்டு மெதுவா இறங்கும். மூடின லைன்ல ஒரே ட்ராப். வெளிய ஓட்டை ஓட்டையா இருக்கிற மூடி போட்ட கல்லி ட்ராப்ல (வீட்டுக்கு வெளிய தரைல பதிச்ச ட்ராப்) போய் விழுதுன்னா அது வேற கதை, அங்க காத்து கிடைக்கும், மேல ஒன்னு இருக்கலாம்.

கே: பால்கனி பக்கம் சின்னதா ஒரு சிங்க் வைக்கிறோம். பக்கத்துலயே மழைத்தண்ணி பைப் போகுது, அதுல விட்டுடலாமா? (வேளச்சேரி)

கூடாது. தமிழ்நாட்டுல 2003ல இருந்து எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அந்த பைப் உங்க குழிக்கு தான் போகும். எண்ணெய் தண்ணி போனா குழி ஒரு வருஷத்துல அடைஞ்சிடும், போர் தண்ணியும் நாறும்.

கே: அடைப்புக்கு காஸ்டிக் சோடா போடலாமா? வடிகஞ்சிய சுட சுட ஊத்தினா அடைப்பு போகும்னு மாமியார் சொல்றாங்க.

மாமியார்ட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, வடிகஞ்சி தான் அடைப்பே. ஆறினா பசை, எண்ணெயோட சேர்ந்தா களி. கொதிக்கிறத பிவிசில ஊத்தினா பைப் இளகி வளையும். கஞ்சிய வாழை மரத்துக்கு ஊத்துங்க, நம்ம பாட்டிங்க அதைத் தான் பண்ணாங்க. காஸ்டிக் விஷயத்துல எனக்கு அனுபவம் இருக்கு. ஒரு வீட்ல முந்தின நாள் ராத்திரி கொட்டி வச்சிருந்தாங்க, சொல்லல, நான் ட்ராப் நட்டை கழட்டினேன், மணிக்கட்டுல இன்னும் தழும்பு இருக்கு. உள்ள இருந்து வந்தது என்ன தெரியுமா, காபித்தூள் கசடு, தேங்கா நார், கறிவேப்பிலை காம்பு, ஒரு டீஸ்பூன். ஸ்பூனை எந்த காஸ்டிக் கரைக்கும்? முதல்ல ட்ராப்பை கழட்டுங்க, அஞ்சு நிமிஷ வேலை. கீழ பக்கெட்.

கே: டிஷ்வாஷர் ஹோஸை சிங்க் லைன்ல சேர்த்தேன், சிங்க் தண்ணி மெஷினுக்குள்ள வருது.

ஹோஸை கவுண்டர் கல்லு அடி வரைக்கும் தூக்கி ஒரு வளைவு போட்டு கிளாம்ப் அடிச்சிட்டு அப்புறம் கீழ இறக்கி ட்ராப்புக்கு முன்னாடி சேருங்க. மேனுவல்ல படமே போட்டிருப்பான், தூக்கி போட்டுட்டீங்களா?

கே: ஆர்ஓ வேஸ்ட் ட்யூபை சிங்க் பைப்ல ஓட்டை போட்டு சொருகலாமா?

வேண்டாம். சிங்க்குக்கு மேல தொங்கட்டும், நுனி தண்ணில முங்கக் கூடாது. அதைவிட ஒரு பக்கெட்ல பிடிங்க, ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வீணா போகுது, தரை துடைக்க ஆகும்.

கே: சார் அவசரம், மோதிரம் சிங்க்ல விழுந்திருச்சு!

குழாயை திறக்காதீங்க, யாரையும் திறக்க விடாதீங்க. பி ட்ராப் இருந்தா கீழ பக்கெட் வச்சு ரெண்டு நட்டையும் கழட்டுங்க, வளைவுல உட்கார்ந்திருக்கும். தாம்பரம் வீடு மாதிரி மடிப்பு பைப்பை நேரா தரைல சொருகினது தான்னா, வெளிய சேம்பர் மூடிய திறந்து தேடுங்க, கையில க்ளவுஸ் போட்டுக்கோங்க.