மந்துக்காலில் (யானைக்கால் நோயில்) அடிக்கடி குளிர்காய்ச்சல் வருவது ஏன்?

குளச்சல் பக்கம் ஊர், அம்மாவுக்குப் பல வருடமாக இடது கால் வீக்கம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளிரும் காய்ச்சலும், ரத்தத்தில் யானைக்கால் புழு இல்லை என்று ரிப்போர்ட். இது மந்து இல்லையா, பேரனைப் பக்கத்தில் படுக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேரன் தாராளமாகப் படுக்கலாம். ரத்தத்தில் நுண்புழு (யானைக்கால் புழுவின் குஞ்சு) உள்ளவரைக் கடித்த கொசு மூலம்தான் இது பரவும். காலைத் தொட்டால் ஒட்டாது. ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை, நுண்புழு பெரும்பாலும் ராத்திரி 10 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் ரத்தத்தில் சிக்கும். பகலில் எடுத்த சோதனையை நம்ப வேண்டாம். ராத்திரி எடுத்தும் இல்லையென்றாலும் மந்து இல்லை என்றாகிவிடாது. நிணநீர்க் குழாயில் இருந்த தாய்ப்புழு எப்போதோ செத்திருக்கும். அது கெடுத்துவைத்த குழாய் அப்படியே கிடக்கும். அதனால்தான் புழுவைக் கொல்லும் டிஇசி மாத்திரை போட்டும் கால் வற்றுவதில்லை. மூத்திரம் பிரிய வைக்கும் மாத்திரைக்கும் இந்த நீர் அசையாது. அதை மாசக்கணக்கில் விழுங்குவது வீண்.

இனி காய்ச்சல். அது புழுவால் வருவதில்லை. தோல் வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாவால் வருகிறது. அம்மாவின் சுண்டுவிரலை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்குத் தோல் வெள்ளையாக ஊறி, உரித்தால் வருகிற மாதிரி இருந்தால் வாசல் அதுதான். வருடத்தில் இரண்டு மழை, நடுவில் வயலும் மீன்கடையும் கதம்பை (தேங்காய் மட்டை) ஊறிய தண்ணீரும் என்றால் கால் எப்போது காயும்?

தினமும் ராத்திரி படுக்கும் முன் சாதாரணத் தண்ணீரும் மணமில்லாத சோப்பும் போதும், வெந்நீர் வேண்டாம். முட்டியிலிருந்து கீழே இறங்கி, மடிப்புகளையும் விரல் இடுக்குகளையும் கையால் கழுவுங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு கூடாது. சோப்பு போக நன்றாக அலசுங்கள். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இடுக்குகளுக்குச் சின்னத் துணித் துண்டைத் திரித்து நுழைத்து ஈரத்தை இழுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கழுவுவதைச் சரியாகச் செய்து, இந்தத் துடைப்பில்தான் கோட்டை விடுகிறார்கள். ஊறிய இடத்தில் க்ளோட்ரிமசோல் களிம்பு காலை, மாலை. ஆறியது போலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் போடணும். தேங்காயெண்ணெய் காய்ந்த கணுக்காலுக்கு நல்லது, இடுக்குக்கு ஆகாது. டப், மக், சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பெட்டியை யானைக்கால் நோயாளிகளுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் அடுக்கினால் 15 செ.மீ. உயரம் கிடைக்கும். இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, வட்டமாகச் சுழற்றட்டும். கட்டு போடுவதாக இருந்தால் விரலிலிருந்து மேலே, மேலே போகப் போகத் தளர்வாக. சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தில் நாடி பார்க்காமல் இறுக்கக் கூடாது.

தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து சுடுகிறதென்றால் கட்டு, பயிற்சி, உழிச்சில் (எண்ணெய் போட்டு உருவுவது) எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நம்மூரில் உடனே ஆசானிடம் (நாட்டு வைத்தியரிடம்) கொண்டுபோய்ச் சூடாக எண்ணெய் போட்டு உழிவதுதான் வழக்கம். அந்த நேரத்தில் அது பாக்டீரியாவை இன்னும் பரப்பத்தான் உதவும். குளிர்ந்த ஈரத்துணி, காலை உயர்த்திப் படுக்கை, நிறையத் தண்ணீர், பாராசிட்டமால், அன்றைக்கே டாக்டர். ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் திரும்பி வருகிறது. குறைந்தது எட்டு நாள் தேவைப்படும். மயக்கம், குழப்பம், கொப்புளம், கருத்த தோல் என்றால் நேரே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவு.

இவ்வளவு கவனித்தும் காய்ச்சல் இதே கணக்கில் வந்தால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சாத்தீன் பென்சிலின் ஊசி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். நன்றாக வலிக்கும் ஊசி அது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும்.