பழைய கார் ஸ்டீயரிங் என்றாலே அப்படித்தானா?

"அந்தக் காலத்தில் ஸ்டீயரிங் எப்படி ஓடுகிறது என்று சோதித்துச் சரிசெய்தார்களா, வந்தபடி விற்றார்களா?" என்பது கேள்வி. ஏதோ ஒரு விண்டேஜ் காரில் ஏறி, பயந்துபோய் இறங்கியிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் பழியைக் கார் செய்தவன்மேல் போடாதீர்கள்.

நான் மெக்கானிக். ஒரு பெரியவரின் ஃபோர்டு மாடல் டி என்னிடம் வந்தது. வேறு யாரோ முன்பக்கம் முழுக்கக் கழற்றி, பெயிண்ட் அடித்து மாட்டியிருந்தார்கள். 30 கிலோமீட்டர் வேகத்துக்கே ரோடு முழுக்க அலைந்தது. ஒடித்தால் தானாக நேருக்குத் திரும்பாது, இன்னும் ஒடியத்தான் பார்க்கும். "நூறு வயசு வண்டி தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மாடல் டியில் கியர் ஸ்டீயரிங் வீலுக்கு அடியிலேயே இருக்கும், வெறும் 4:1, அதாவது வீல் நாலு சுற்றுச் சுற்றினால் அடியிலுள்ள தண்டு ஒரு சுற்று. கல் இடறினால் அடி கைவரை வரும். அன்றைய சில பெரிய கார்களில் வார்ம் கியர் (திருகு மாதிரிப் பல் உள்ள கியர்) வைத்து அந்த அடியைத் தடுத்தார்கள். அதில் ரோடு எப்படி இருக்கிறது என்பதும் கைக்குத் தெரியாது, வீலும் தானாக நேருக்குத் திரும்பாது. மாடல் டியோ நேராக ஓடுவதற்கு முன் ஆக்சிலின் சாய்வைத்தான் நம்பியிருக்கிறது. முன்சக்கரம் ஒடியும்போது எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த ஆணிதான் கிங்பின்; அதன் மேல்முனை, சைக்கிள் ஃபோர்க் மாதிரி, கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். (எத்தனை டிகிரி என்று இன்ஜினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் கையால் பார்த்ததைச் சொல்கிறேன்.) அந்தச் சாய்வைக் கொடுப்பது, ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் இரண்டு இரும்புத் துண்டுகள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இடது வேறு, வலது வேறு. மாற்றி மாட்டியிருந்தார்கள்!

கண்டுபிடிக்க இரண்டு நாள், மாற்ற அரை நாள். ட்ரையலில் ஆளில்லாத ரோட்டில் கையை லேசாக எடுத்தேன். நூல் பிடித்த மாதிரிப் போனது.

சரி, கேள்விக்கு வருகிறேன். சரிசெய்துகொண்டேதான் இருந்தார்கள். தடித்த பலூன் டயர் வந்து ஸ்டீயரிங் கனத்தபோது, 1926 மாடலில் ஃபோர்டே கியரை 5:1 ஆக்கி லேசாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1924இலேயே அமெரிக்காவின் மில்ஃபோர்டில் சோதனை ஓட்டத்துக்கென்று தனி மைதானம் போட்டது.

பெரியவர் என் பில்லைப் பார்த்துவிட்டு, "இடதை வலதா மாத்தினதுக்கா இவ்வளவு?" என்று பாதியை வெட்டினார். அப்புறம் அந்த வண்டிக்கு ஒரு கண்காட்சியில் பரிசு கிடைத்ததாம், பெயிண்டுக்கு.