வசனமும் திரைக்கதையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய படங்களைப் பற்றிப் பேசும்போது வசனம் எழுதியவரைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். திரைக்கதை எழுதியவர் ஏன் நினைவில் நிற்பதில்லை?

பதில்: நம் பேசும் படம் நாடக மேடையிலிருந்து வந்தது, மேடையில் எழுத்து என்றால் பேச்சுதான். தொடக்க காலப் படங்களில் அந்தப் பேச்சையும் பாட்டு ஓரங்கட்டியிருந்தது. 1937இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் இளங்கோவன் எழுதிய உரையாடல் அதை மாற்றத் தொடங்கியது. அந்தப் படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாத அமெரிக்கர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். காட்சியை அமைப்பவர் ஒருவர், மொழிக்குப் பொறுப்பானவர் வேறொருவர் என்ற பிரிவினை அப்போதே கண்கூடாக இருந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது கலைஞர் மு. கருணாநிதியின் நீதிமன்ற வசனத்தை ரசிகர்கள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். காதில் விழுவதை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். காட்சிகளின் வரிசையை அப்படி எடுத்துச் செல்ல முடியாது. திரைக்கதை ஆசிரியர் மறக்கப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர் மகேந்திரன். 1974இல் ‘தங்கப்பதக்கம்’ படத்தின் வசனத்தால் பெயர் பெற்ற அவர், இயக்குநரானதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். உமாசந்திரனின் நாவலைத் தழுவிய ‘முள்ளும் மலரும்’ 1978இலும், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த ‘உதிரிப்பூக்கள்’ 1979இலும் வெளிவந்தன. ‘உதிரிப்பூக்கள்’ முடிவில் ஊரார் கதையின் கொடுமைக்காரன் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்லும் இடத்தைப் பாருங்கள். அந்தக் கனம் முழுவதும் யார் எங்கே நிற்கிறார், குழந்தைகள் எப்போது தெரிகிறார்கள் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாடுதான் திரைக்கதை. வசனம் நன்றாக எழுதத் தெரிந்தவர்தான் அதை எங்கே நிறுத்துவது என்றும் அறிவார் போலும்!

கேள்வி: தொலைக்காட்சித் தொடர்களில் ஒருவர் ஒரு வார்த்தை பேசினால், சுற்றியிருக்கும் அத்தனை முகங்களையும் காட்டுகிறார்களே?

பதில்: நேரத்தை நிரப்பும் உத்தி என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். படப்பிடிப்பு நடக்கும் முறையிலும் ஒரு காரணம் உண்டு. நாள்தோறும் ஒளிபரப்பாக வேண்டிய தொடரில், அன்றைய வசனத்தாள் பல சமயம் படப்பிடிப்புத் தளத்துக்குக் கடைசி நேரத்தில்தான் வந்து சேரும். நடிகர்கள் மனப்பாடம் செய்ய அவகாசம் இராது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வரியைச் சொல்லிக் கொடுப்பார். நடிகர் அதைக் கேட்டு, வாங்கித் திருப்பிச் சொல்வார். பலருக்குக் குரல் பின்னர் டப்பிங்கில் சேர்வதால், சொல்லிக் கொடுப்பவரின் குரல் பதிவானாலும் பாதகமில்லை. ஆனால் இரண்டு வரிகளுக்கு நடுவே, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் சில நொடிகள் விழுந்துவிடும். எடிட்டர் அந்த இடைவெளியை வெட்டி, வெட்டிய தடம் தெரியாமலிருக்க மாமியாரின் முகத்தையோ நாத்தனாரின் முகத்தையோ ஒட்டுகிறார். நடிப்பைப் பழிப்பதற்கு முன், தாள் எத்தனை மணிக்கு அவர் கைக்கு வந்தது என்று கேட்பதே நியாயம்.

கேள்வி: என்னிடம் ஒரு கதைக்கரு இருக்கிறது. தயாரிப்பாளரிடம் சொன்னால் திருடிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: கருவுக்கு மட்டும் காப்புரிமை கிடையாது. ஒரு நாடக ஆசிரியர் தம் நாடகத்தைப் பிறர் திரைப்படமாக்கிவிட்டதாகத் தொடுத்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: எண்ணம், கருப்பொருள், கதைப்போக்கு ஆகியவற்றுக்கு உரிமை கோர முடியாது, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்கே பாதுகாப்பு உண்டு. ஆகவே முதலில் காட்சி காட்சியாக முழுவதையும் எழுதி முடியுங்கள். எழுதியதை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் பிரதியைக் கொடுத்தீர்கள் என்பதற்கு மின்னஞ்சல் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடிகராக வேண்டுமானால் முதலில் மேடையில் நடித்திருக்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகியவர், முகத்துக்கு அருகில் கேமரா இருக்கும்போது பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் பழக வேண்டியிருக்கும்.